பேய் வீடும் ஒரு நாள் விடுப்பும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி கழிந்து ஆறு நாட்கள் ஆகியிருந்தன. நாகர்கோவில் பக்கமிருந்து வந்த வண்டி தம்பானூர் நிலையத்தில் நின்றதும், பொதுப்பெட்டியிலிருந்து ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். தாயின் கையில் ஒரு தூக்குச்சட்டி. பன்னிரண்டு வயது மகன் தோளில் ஒரு துணிப்பை. எட்டு வயது மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதற்குள் முந்திரிக்கொத்தும் முறுக்கும். தீபாவளிக்குச் செய்த பலகாரம். அதைத் தின்ன வேண்டியவர் தீபாவளியன்று வீட்டில் இல்லை.

அவர் நடைமேடையில் காத்து நின்றார். தம்பானூர் ஓட்டல் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பரிமாறும் வேலை. சொந்த ஊர் வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பண்டிகை நாட்களில் ஓட்டலில் கூட்டம் அதிகம். கூட வேலை செய்கிற இருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகவே இவருக்கு விடுப்பு இல்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார். பிறகு மனமிரங்கி அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார், அன்றைய சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு. மறுநாள் அதிகாலையில் கடை திறக்க நிற்க வேண்டும் என்பதால், அவர் ஊருக்குப் போய் அலைவதைவிடக் குடும்பம் இங்கே வருவதே மேல் என்று முடிவாயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்ததுமே மகன் தன் மனுவைப் போட்டுவிட்டான்.

"எப்பா, கொச்சிப் பக்கம் பெரிய பார்க்கு இருக்காம்லா. இந்த மாசக் கடைசியில அங்கெல்லாம் பேய் வீடு போடுவாங்களாம். உள்ள போனா எலும்புக்கூடு எந்திச்சு வருமாம். போன்ல பாத்தேன். போவமாப்பா?"

தகப்பனார் விரல்விட்டு எண்ணினார். நால்வருக்கு ரயில் சீட்டு, நிலையத்திலிருந்து பூங்காவுக்குப் போய்வரும் செலவு, நுழைவுச் சீட்டு, உள்ளே சாப்பாடு. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் போலிருந்தது. பணத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், எர்ணாகுளம் போக நாலு மணி நேரம், திரும்ப நாலு மணி நேரம். கிடைத்திருப்பதோ ஒரே ஒரு பகல்.

"பேயப் பாக்கதுக்கு அம்புட்டு ரூவாயா?" என்றார் தாயார். "நம்மூரு சுடலை கோவில் கொடைக்கு வந்தா சும்மாவே பாத்துக்கிடலாம்லா."

பையன் முகம் வாடிவிட்டது. தகப்பனார் இட்லியைப் பிட்டபடி பேசாமல் இருந்தார். கொடைக்கு ஊருக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆயிற்று என்பது அவர் நினைவுக்கு வந்திருக்கும்.

தொழிலாளி குடும்பத்துக்குக் கேளிக்கைப் பூங்கா தேவையா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வீண் செலவு என்பார் சிலர். பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கலாமா என்பார் வேறு சிலர். இரண்டு பேச்சுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. குடும்பத்தோடு கழிக்க அந்தத் தொழிலாளிக்கு ஒரு முழு நாள் கிடைக்கிறதா என்பதே அது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசக் காணோம்.

தூரம் குறைந்தது, விடுப்பு கூடவில்லை

தம்பானூருக்கு ரயில் வந்தது 1931-இல். அன்றைக்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. நெல்லைச் சீமையிலிருந்து வருகிறவர் செங்கோட்டை, கொல்லம் வழியாகச் சிறிய தண்டவாளப் பாதையில் மலையைக் குடைந்து வரவேண்டும். இல்லாவிட்டால் பஸ்தான். நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது 1979-இல். அது திருநெல்வேலியோடு இணைந்தது 1981-இல். அதற்குப் பிறகுதான் வள்ளியூர், நாங்குநேரிக்காரர்கள் காலையில் ஏறித் தம்பானூர் வந்து, வேலையை முடித்து, இரவே திரும்பலாம் என்ற நிலை வந்தது.

சாலைக் கடைத்தெருவிலும், கிழக்கேகோட்டையிலும், தம்பானூர் ஓட்டல்களிலும் தமிழ்ப் பேச்சு கேட்காத மூலை இல்லை. பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகை மொத்த வியாபாரம், சுமைதூக்கும் வேலை, தையல், கணக்கு எழுதும் வேலை என்று எல்லாவற்றிலும் தமிழர் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஓர் அறையில் நாலு பேராகத் தங்கியிருப்பவர்கள். பிள்ளையின் பரீட்சை மார்க்கைத் தொலைபேசியில் கேட்கிறார்கள். பிள்ளை உயர்ந்திருப்பதைச் சட்டை அளவு சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள். ரயில் தூரத்தைக் குறைத்தது. ஆனால் விடுப்புக்கு அந்த வேகம் வரவில்லை.

பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பண்டிகை

பையன் கேட்ட அந்தப் பேய் வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. அக்டோபர் 31-ஆம் தேதி இரவுக்கு மேல்நாட்டில் ஹாலோவீன் என்று பெயர். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்திய இரவு என்பதே அந்தச் சொல்லின் பொருள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நெல்லை, குமரி மாவட்டக் கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அன்று கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இறந்துபோன தாய் தகப்பனை நினைத்து நிற்கிறார்கள். ஆக, இந்த ஹாலோவீன் முற்றிலும் அந்நியமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. நமக்குத் தெரிந்த திருநாளுக்கு இரண்டு நாள் முந்தியது அது.

கிறிஸ்தவத்துக்கு முன்பே அயர்லாந்து நாட்டு உழவர்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவாக அதைக் கொண்டாடி வந்தார்கள். அன்று செத்தவர்களின் ஆவிகள் வீடு தேடி வரும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைக்கும் வழக்கம் உண்டாயிற்று.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் பிழைக்கப் போனார்கள். அமெரிக்காவில் மண் சுமந்தார்கள், ரயில் பாதை போட்டார்கள், வீட்டு வேலை செய்தார்கள். மூட்டையில் அவர்கள் கொண்டுபோனவற்றுள் இந்தப் பண்டிகையும் ஒன்று. அங்கே பூசணிக்காய் மலிவாகவும் பெரிதாகவும் கிடைத்தது. கிழங்குக்குப் பதில் பூசணியைக் குடைந்தார்கள். இன்று உலகெங்கும் கடை வாசல்களில் பல்லிளிக்கும் அந்தப் பூசணித் தலை, ஊரைவிட்டுப் பிழைக்கப் போன கூலித் தொழிலாளிகளின் நினைவுப் பொருள்.

தம்பானூர் தொழிலாளி இதைக் கேட்டால் தலையாட்டுவார். ஊர்ப் பண்டிகையை வேலை செய்யும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருவது என்னவென்று அவருக்குத் தெரியும். அறையில் அடுப்பு இல்லாததால் பொங்கலன்று ஓட்டல் சமையற்கட்டிலேயே ஓரமாகப் பால் பொங்க வைப்பவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

நமக்குப் பேய் பஞ்சமா?

தாயார் சொன்ன சுடலை கோவில் கொடையை எடுத்துக்கொள்வோம். நெல்லை மாவட்டத்தில் சுடலைமாடன் இல்லாத ஊர் அரிது. கொடையன்று வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ நடக்கும். நள்ளிரவில் மகுடம் அதிர, சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் அதே சாமியாடி சைக்கிளில் வயலுக்குப் போவதையும் பார்ப்பார்கள். பயத்தைப் பிடித்துக்கொள்ளவும் பிறகு விட்டுவிடவும் ஊர் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பழக்கியது.

பழையனூர் நீலியின் கதை தமிழில் பழமையானது. நீலி சிந்திய பொய்க் கண்ணீரை நம்பி வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர் தீப்பாய்ந்து உயிர்விட்டார்கள் என்பது கதை. "நீலிக் கண்ணீர்" என்று இன்றும் வாய்க்கு வாய் சொல்கிறோம். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டுக்கும் ஒரு நீலி உண்டு. அவள் மலையாளக் கதைகளிலும் புகழ்பெற்றவள். 2025 ஆகஸ்டில் வெளியான 'லோகா' என்ற மலையாளப் படம் அந்தக் கள்ளியங்காட்டு நீலியை எடுத்துக்கொண்டு சக்கைப்போடு போட்டது. மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அமைத்த யட்சி சிலையைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். பேய்க்கும் யட்சிக்கும் மாநில எல்லை கிடையாது.

இவ்வளவு இருந்தும் வள்ளியூர்ப் பையன் எலும்புக்கூட்டைத் தொலைபேசியில் பார்த்து ஏங்குகிறான் என்றால் குறை எங்கே இருக்கிறது? கதை சொல்ல வேண்டியவர் வீட்டில் இல்லை. கொடைக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மேசை துடைத்துக்கொண்டிருக்கிறார்.

காசுக்குப் பயம்

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் டிஸ்னிலாண்டைத் திறந்தது 1955-இல். ஒரு வாசல், ஒரு சீட்டு, உள்ளே ஒரு தனி உலகம் என்ற ஏற்பாட்டுக்கு அது முன்மாதிரி ஆயிற்று. அதே கலிபோர்னியாவில் நாட்ஸ் பெரி பார்ம் என்ற பூங்கா 1973-இல் ஹாலோவீன் சமயத்தில் பேய் வேடக்காரர்களை இறக்கிவிட்டுச் சீட்டு விற்றது. கூட்டம் குவிந்தது. கோடைக்காலம் முடிந்து ஆள் குறையும் மாதத்தில் இப்படி ஒரு வருமானமா என்று மற்றப் பூங்காக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். பேய்கள் பூங்காவுக்குள் குடியேறியது அப்படித்தான். கேரளத்தில் கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய வீகாலாண்ட் இன்று வொண்டர்லா என்ற பெயரில் நடக்கிறது. சென்னைப் பக்கத்துப் பூங்காக்களில் சில அதற்கும் முந்தியவை. மேல்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி அக்டோபர் கடைசியில் இருட்டு அறையும் முகமூடியுமாக வேடிக்கை காட்டும் வழக்கம் நம் நாட்டு நகரங்களிலும் பரவியிருக்கிறது.

இதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. ராட்டினத்தில் உயரே போய் வயிறு கலங்கக் கீழே வருவதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. இருட்டில் மகள் தகப்பன் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள். வெளியே வந்ததும் "நான் பயப்படவே இல்லை" என்பாள். அந்தப் பிடியை ஆண்டுக்கு ஒருமுறையாவது உணராத தகப்பன் எதற்காகச் சம்பாதிக்கிறான்? ஆகவே வசதி உள்ளவர்கள் போகட்டும். சீட்டுச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை நாலு குடும்பமாகச் சேர்ந்து போகிற தொழிலாளிகளும் உண்டு. அதுவும் நல்ல யோசனைதான்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். 1984 மே மாதம் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலப் பூங்கா ஒன்றின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்தது. லாரிப் பெட்டிகளைக் கோத்துக் கட்டிய இருட்டு அறைகள் அவை. தண்ணீர் தெளிக்கும் கருவிகூட இல்லை. எட்டு இளம்பிள்ளைகள் வழி தெரியாமல் கருகினார்கள். 2022 அக்டோபர் 29-ஆம் தேதி தென்கொரியத் தலைநகர் சியோலில் ஹாலோவீன் கொண்டாடக் கூடிய கூட்டம் ஒரு குறுகிய சந்தில் நெரிந்து 159 பேர் மாண்டார்கள். 2024 மே 25-இல் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கம் ஒன்றில் தீப்பற்றி, பிள்ளைகள் உள்பட 27 பேர் உயிரிழந்தார்கள். தீயணைப்புத் துறையின் அனுமதியே அந்த அரங்கத்துக்கு இல்லை என்பது பிறகு வெளிவந்தது.

எனவே இருட்டு அறைக்குள் பிள்ளையை அனுப்புமுன் வெளியே போகும் வழி எங்கே என்று வாசலில் நிற்பவரிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ராட்டினத்துக்கு உயர அளவு எழுதியிருந்தால், பிள்ளை அழுகிறது என்பதற்காக மீறக்கூடாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று உள்ளே நுழையும்போதே ஓர் இடத்தைக் காட்டி வைக்க வேண்டும். தகப்பன் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மலையாளம் தெரியாத பிள்ளைக்கு இது மிகவும் அவசியம்.

சட்டம் சொல்வது என்ன?

இனி விடுப்புக்கு வருவோம். கேரளத்தில் கடைகளுக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கும் உரிய சட்டம் 1960-ஆம் ஆண்டினது. ஓட்டல்களும் அதில் அடங்கும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும், அந்த நாளுக்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. பிற மாநிலத்திலிருந்து வந்தவர் என்பதற்காக இதில் வேற்றுமை கிடையாது. அப்படியானால், வள்ளியூர்க்காரருக்கு அந்த ஞாயிறு முதலாளி மனமிரங்கிக் கொடுத்த தானம் ஆகுமா? அவருக்குச் சேர வேண்டிய நாளை, சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்கே விற்றிருக்கிறார்கள். அவரும் நன்றி சொல்லி வாங்கியிருக்கிறார்.

சட்டம் இருக்கிறதென்று தெரியாததால் கேட்காதவர்கள் பாதிப்பேர். தெரிந்தும், கேட்டால் வேலை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்பவர்கள் மீதிப்பேர். கேட்டுப் பெற்றவர்களும் இதே கேரளத்தில் இருக்கிறார்கள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்கள், உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்று கோழிக்கோட்டில் தொடங்கிப் போராடினார்கள். 2018-இல் அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு உட்காரும் உரிமை வந்தது. 2021-இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது என்றால், ஒரு நாள் வீட்டாரோடு இருப்பதற்குக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் மனமகிழ்ச்சி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழிலாளர் இயக்கம் முழங்கியது. சென்னையில் சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். வேலை நேரத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறார்கள். அந்த மூன்றாவது எட்டைப் பற்றிப் பேசக் கேட்பது அபூர்வம். தொழிலாளிக்கு மனமகிழ்ச்சி என்றால் ஏதோ ஆடம்பரம் போலப் பேசுவது அவர்களுக்குள்ளேயே ஊறிவிட்டது.

முதலாளிகள் எல்லோரையும் குறை சொல்வது நியாயமாகாது. தம்பானூரிலும் சாலையிலும் சிறு கடை வைத்திருப்பவர்களில் பலர் அதே நெல்லை, குமரி மண்ணிலிருந்து கூலியாக வந்து உயர்ந்தவர்கள். வாடகையும் விலைவாசியும் அவர்களையும் நெருக்குகின்றன. தீபாவளிக்கு நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பினால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாதத் தொடக்கத்திலேயே யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். தீபாவளிக்குப் போனவர் பொங்கலுக்கு இருக்கட்டும், பொங்கலுக்குப் போகிறவர் தீபாவளிக்கு இருக்கட்டும் என்று முறை வைக்கலாம். ரயிலடியில் இரவு பகலாகப் பணி நடக்கவில்லையா? ஒருவர் ஓய்வில் போனால் மற்றொருவர் அந்த இடத்தில் நிற்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் ஓட்டலில் அது முடியாது என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதாக இல்லை. பேச்சுக்குப் பேச்சு மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு போகலாம்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பொங்கல் விழாவுக்கு மேடை போட்டு மாலை போடுவதோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பூங்காவுக்குப் போய்வரலாம். கூட்டமாகப் போகிறவர்களுக்கும், வாரநாட்களில் போகிறவர்களுக்கும் கட்டணம் குறைக்கும்படி பேசிப் பார்க்கலாம். நாற்பது குடும்பத்துக்காக ஒருவர் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

கழிந்த பகல்

அந்தக் குடும்பம் கொச்சிக்குப் போகவில்லை. தம்பானூரிலிருந்து பஸ் ஏறி மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார்கள். 1857-இல் தொடங்கியது அது. திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறு உண்டு. மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தான். புலி கூண்டருகே வந்து கொட்டாவி விட்டபோது மனுவை மறந்துவிட்டான். மத்தியானத்துக்குப் பிறகு ஐப்பசி இடி முழங்கிற்று. மலையாளத்தார் துலாவர்ஷம் என்பார்கள். நால்வரும் ஓடிப்போய் நேப்பியர் மியூசியத்தின் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். சென்னைக் கடற்கரையில் செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம் துரைதான் இதையும் வரைந்தார். கட்டி முடித்தது 1880-இல். மழை விடும்வரை அங்கே நின்று தீபாவளி முறுக்கைத் தின்றார்கள். தகப்பனார் நாலு முந்திரிக்கொத்து தின்றார். "வெல்லம் கொஞ்சம் தூக்கல்" என்றார். "தீபாவளிக்கு வந்து சொல்லியிருந்தா அடுத்த ஈடுல கொறச்சிருப்பேன்லா" என்றார் மனைவி.

சாயங்காலம் சங்குமுகம். கானாயி குஞ்ஞிராமனின் கடற்கன்னிச் சிலையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடினார்கள். யட்சியைச் செய்த அதே கைதான் இதையும் செய்தது என்று யாரோ சொல்ல, பையன் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான்.

பேய் வீடுதான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தம்பானூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கழக்கூட்டத்தில் மாஜிக் பிளானட் என்ற மாயவித்தைப் பூங்கா இருக்கிறது. மாயவித்தைக்காரர் கோபிநாத் முதுகாடு 2014 அக்டோபர் 31-இல் அதைத் திறந்தார். கைவிலங்கைக் கழற்றிக் காட்டி உலகப் புகழ் பெற்ற ஹூடினி இறந்ததும் ஓர் அக்டோபர் 31-இல்தான், 1926-ஆம் ஆண்டு. மேல்நாட்டில் பேய்க்கு என்று வைத்த நாள் இங்கே மாயவித்தைக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தெருவில் கூடை வைத்து வித்தை காட்டிப் பிழைத்தவர்களுக்கு அங்கே ஒரு கூரையும் மேடையும் கிடைத்தன. ஓட்டல்காரரின் பிள்ளை அங்கே போய் அந்த மாங்கொட்டை வித்தையைப் பார்த்துக் கைதட்டினால், ஒரு தொழிலாளியின் பிள்ளை இன்னொரு தொழிலாளியின் வித்தைக்குக் கைதட்டியதாகும்.

இரவு வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நடைமேடைப் பெஞ்சில் மகள் தகப்பன் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். மகன் மெல்லக் கேட்டான்: "எப்பா, சுடலை நெசமாவே சுடுகாட்டுக்குப் போவாராப்பா?"

தகப்பனார் கதையை ஆரம்பித்தார். சாமியாடி தீப்பந்தத்தோடு போவது, பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது, ஒருமுறை அவருடைய சித்தப்பா திரும்பிப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது. தூங்குவதாக நினைத்த மகள் தகப்பன் கையை இறுகப் பிடித்தாள். பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு தமிழர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒலிபெருக்கி அறிவித்து, வண்டி வந்து நின்றபோது கதை பாதியில் நின்றது.

"மிச்சம் எப்பப்பா?" என்றான் பையன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அடுத்த லீவுக்கு, எய்யா."

அடுத்த லீவு எப்போது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. அதை அவர் கையில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு அவருக்கும், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் உண்டு. மீதிக் கதைக்காக ஒரு பையன் வள்ளியூர்ப் பக்கம் காத்திருக்கிறான்.